எதை வைப்பது, எதை அழிப்பது? – வாசகர் கேள்வி பதில்

மென்பொருள் நிறுவனங்கள் தாம் உருவாக்கும் பேக்கேஜ்களையும் (பயன்படுத்தத் தயாரான மென்பொருள் தொகுப்புகள்) டாக்கர் இமேஜ்களையும் (மென்பொருளும் அது ஓடத் தேவையானவையும் சேர்ந்த முழுப் பொதிகள்) சேர்த்துவைக்கும் களஞ்சியங்களைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. பெரும்பாலானவை தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டாவின் ஊர்களிலிருந்தே வந்தவை. ஒன்று, டிஸ்க் நிரம்பிவிட்டது. அல்லது அழியக் கூடாதது அழிந்துவிட்டது. பெரும்பாலான கடிதங்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்கின்றன என்பதால் பகுதி முழுவதையும் இந்தப் பொருளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எட்டுப் பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம் எங்களுடையது. அரிசி ஆலைகளுக்கும் விதை, உரக் கடைகளுக்கும் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். ஜாவாவில் எழுதி, மேவன் என்ற கருவி கொண்டு பில்டு செய்து (மூல நிரலை ஓடும் கோப்பாகக் கட்டி), அலுவலகச் சர்வரில் உள்ள நெக்ஸஸ் களஞ்சியத்தில் சேர்த்துவைக்கிறோம். 500 ஜிபி டிஸ்க் நிரம்பிவிட்டது. "90 நாளுக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்" என்கிறார் மேலாளர். செய்யலாமா?
– மென்பொருள் பொறியாளர், கும்பகோணம்

பதில்: செய்ய வேண்டாம். மேலாளரின் அவசரம் புரிகிறது. ஆனால் வயதை மட்டும் பார்த்து அழிப்பது, விதைக்கென்று எடுத்துவைத்த மூட்டை எது, அரைவைக்குப் போகும் மூட்டை எது என்று பாராமல், பழைய மூட்டைகளை எல்லாம் ஒன்றாக வண்டியில் ஏற்றுவதற்கு ஒப்பானது. உங்கள் களஞ்சியத்தில் மூன்று வகைச் சரக்கு கலந்து கிடக்கிறது. மூன்றுக்கும் ஒரே விதி பொருந்தாது.

முதல் வகை, ஸ்னாப்ஷாட் என்று முடியும், இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்புகள். உங்கள் பொறியாளர்கள் ஒவ்வொரு முறை பில்டு ஓட்டும்போதும் நேர முத்திரையுடன் ஒரு புதிய கோப்பு இங்கே வந்து சேர்கிறது. பழையது தானாகப் போவதில்லை. 500 ஜிபியில் பெரும்பங்கை இவைதாம் பிடித்திருக்கும் என்பது என் ஊகம். மேவன் ஸ்னாப்ஷாட்களை நீக்குவதற்கென்றே நெக்ஸஸில் ஒரு பணி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் குறைந்தது எத்தனையை வைத்துக்கொள்ள வேண்டும், எத்தனை நாள் வைத்துக்கொள்ள வேண்டும், அதே எண்ணில் முறையான ரிலீஸ் வந்துவிட்டால் அந்த ஸ்னாப்ஷாட்களை நீக்கிவிட வேண்டுமா என்ற மூன்றையும் அதில் குறிப்பிடலாம். மூன்று பிரதிகள், 14 நாள்கள், ரிலீஸ் வந்தபின் நீக்கம் என்று வைத்தால் உங்கள் அளவுள்ள குழுவுக்குப் போதும். இதை இன்றைக்கே செய்யலாம்.

இரண்டாம் வகை, வெளியிலிருந்து வந்தவை. மேவன் சென்ட்ரல் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து நீங்கள் பயன்படுத்தும் நூலகங்களை (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகளை) நெக்ஸஸ் ஒருமுறை இறக்கித் தன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறது. அதை அழித்தாலும் அடுத்த பில்டு கேட்கும்போது மறுபடி இறக்கிக்கொள்ளும். மேவன் சென்ட்ரலில் ஒருமுறை வெளியான பதிப்பை மாற்றவோ நீக்கவோ விடுவதில்லை என்பது அதன் கொள்கை. ஆகவே கடைசியாக எடுக்கப்பட்டு 90 நாள் கடந்தவற்றை இங்கே தயங்காமல் நீக்கலாம். எல்லாப் பொதுக் களஞ்சியங்களும் இவ்வளவு உறுதியானவை அல்ல. 2016 மார்ச் மாதத்தில் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான பொதுக் களஞ்சியமான என்பிஎம்மில் இருந்த லெஃப்ட்-பேட் என்ற வெறும் 11 வரி பேக்கேஜை அதன் ஆசிரியர் விலக்கிக்கொண்டபோது, அதை நேராகவோ மறைமுகமாகவோ நம்பியிருந்த ஏராளமான பில்டுகள் உலகெங்கும் ஒரே நாளில் நின்றுபோயின. சில மணி நேரத்தில் என்பிஎம் நிறுவனமே அதைத் திருப்பி வைக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு, வெளியிட்டு 72 மணி நேரம் கடந்தவற்றை விலக்கிக்கொள்வதற்குக் கடுமையான நிபந்தனைகள் வந்தன. இருந்தாலும், ஜாவாஸ்கிரிப்ட்டும் எழுதுகிறீர்கள் என்றால், அந்தப் பக்கத்துப் பிரதிகளைச் சற்றுத் தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வகைதான் விதை நெல்: உங்கள் சொந்த ரிலீஸ்கள். திருக்காட்டுப்பள்ளியில் ஓர் ஆலையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் 3.8.1 பதிப்பை நிறுவிக் கொடுத்திருப்பீர்கள். அது இன்றும் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். சம்பா அறுவடை மும்முரத்தில் எடைக்கணக்கு தவறுகிறது என்று அங்கிருந்து தொலைபேசி வரும்போது, அதே 3.8.1 உங்கள் மேசையில் ஓடினால்தான் பிழையைக் கண்டுபிடிக்க முடியும். அந்தப் பதிப்பு 90 நாளைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது. "கடைசியாக எப்போது இறக்கப்பட்டது" என்ற அளவுகோலும் இங்கே உதவாது. ஆலையின் கணினி ஒருமுறை நிறுவிக்கொண்டபின் உங்கள் களஞ்சியத்தின் பக்கமே வருவதில்லை. உங்கள் கணக்கில் யாரும் தொடாத பதிப்பு, அங்கே தினமும் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும்.

ஆகவே ரிலீஸ்களை அழிப்பதற்கு முன் உங்களுக்குத் தேவைப்படுவது ஒரு பேரேடு: எந்த வாடிக்கையாளரிடம் எந்தப் பதிப்பு ஓடுகிறது. எக்ஸெல் தாளே போதும். எங்காவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பதிப்பும், பின்வாங்க நேர்ந்தால் போக வேண்டிய அதற்கு முந்தைய பதிப்பும், 2, 3, 4 என்று நீங்கள் வளர்த்துவந்த ஒவ்வொரு பெரிய வரிசையின் கடைசிப் பதிப்பும் இருக்கட்டும். எஞ்சியவற்றை அழிப்பதைப் பற்றி அதன் பிறகு மேலாளரிடம் பேசுங்கள். ரிலீஸ்கள் பிடித்திருக்கும் இடம் எவ்வளவு சிறியது என்று அப்போது இருவருக்குமே தெரிந்திருக்கும்; அந்தப் பேச்சே தேவைப்படாமல் போகலாம்.

கேள்வி: சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். நெக்ஸஸில் துப்புரவு விதி அமைத்து, 60 நாளுக்கு மேற்பட்ட டாக்கர் இமேஜ்களை நீக்கச் செய்தேன். பட்டியலில் இருந்து நூற்றுக்கணக்கானவை மறைந்தன. டிஸ்க்கில் ஒரு ஜிபிகூடக் குறையவில்லை. என் விதியில் என்ன பிழை?
– வாசகி, மன்னார்குடி

பதில்: விதியில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை, அம்மா. வேலை பாதியில் நிற்கிறது. நெக்ஸஸின் துப்புரவு விதி ஒரு பொருளை நீக்கும்போது, "இது நீக்கப்பட்டது" என்று குறி போடுகிறதே தவிர, கோப்பை டிஸ்க்கிலிருந்து எடுப்பதில்லை. சேமிப்பைச் சுருக்கும் பணி தனியாக ஓடும்போதுதான் இடம் திரும்பக் கிடைக்கும். டாக்கருக்கு நடுவில் இன்னொரு படியும் உண்டு: யாரும் சுட்டாத மேனிஃபெஸ்ட்களையும் (இமேஜின் உள்ளடக்கப் பட்டியல்கள்) லேயர்களையும் (இமேஜ் கட்டப்படும் அடுக்குகள்) நீக்கும் பணி முதலில் ஓட வேண்டும், சுருக்கும் பணி அதற்குப் பிறகு. இரண்டையும் இரவு நேரத்தில், இந்த வரிசையிலேயே ஓடும்படி அமையுங்கள். வரிசை மாறினால் இடம் கிடைக்க மறுநாள் இரவு வரை காத்திருக்க நேரும். ஹார்பர் என்ற களஞ்சியத்திலும் இதே கதைதான்: தக்கவைப்பு விதி டேக்குகளை (இமேஜ்களுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டுகள்) நீக்கும், குப்பை சேகரிப்புப் பணி ஓடிய பிறகே இடம் காலியாகும்.

அதன் பிறகும் நீங்கள் எதிர்பார்த்த அளவுக்கு இடம் கிடைக்காமல் போகலாம். மூன்று இமேஜ்கள், ஒவ்வொன்றும் 800 எம்பி என்று பட்டியல் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் அடித்தளம் ஒன்றே என்றால், 600 எம்பி லேயர் டிஸ்க்கில் ஒரே ஒருமுறைதான் இருக்கிறது. மேலே உள்ள 200 எம்பி மட்டும் மூன்று. பட்டியலைக் கூட்டினால் 2,400 எம்பி. டிஸ்க்கில் இருப்பதோ 1,200 எம்பி. இரண்டு இமேஜ்களை அழித்தால் 1,600 கிடைக்கும் என்று நினைப்பீர்கள், கிடைப்பது 400. ஜேஃப்ராக் ஆர்ட்டிஃபேக்டரி என்ற களஞ்சியமும் ஒரே உள்ளடக்கமுள்ள கோப்பை ஒருமுறை மட்டுமே சேமிக்கிறது என்பதால் அங்கும் இந்த வேறுபாட்டைக் காணலாம். மேலாளரிடம் எத்தனை ஜிபி மிச்சமாகும் என்று வாக்குக் கொடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெக்ஸஸ் விதி ஒன்றில் வயது, கடைசிப் பயன்பாடு என்று இரண்டு நிபந்தனைகளை வைத்தால், இரண்டும் ஒருசேரப் பொருந்தினால்தான் நீக்கம் நடக்கும். ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பாதுகாப்புச் சோதனைக் கருவியோ வேறு சர்வருக்கு நகலெடுக்கும் நிரலோ வாரந்தோறும் எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தால், கடைசிப் பயன்பாட்டுத் தேதி புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். எதுவும் ஒருபோதும் பழையதாகாது.

பொறுமை இழந்து சேமிப்பு அடைவுக்குள் நேரே இறங்கிக் கோப்புகளைக் கையால் அழித்துவிடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அதைச் செய்தவன் நான். டிஸ்க் உடனே காலியானது உண்மைதான். ஆனால் களஞ்சியத்தின் தரவுத்தளத்துக்கு அது தெரியாது. பட்டியலில் எல்லாம் இருப்பதாகவே காட்டியது, கேட்டால் பிழைச் செய்தி வந்தது. எது உண்மையில் இருக்கிறது, எது பெயரளவில் இருக்கிறது என்று பிரித்தறிய எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

கேள்வி: மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் ஆர்ட்டிஃபேக்ட்ஸ் களஞ்சியத்தைப் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் அதிகபட்சம் 10 பதிப்புகள் என்று வைத்திருந்தோம். வாடிக்கையாளருக்குக் கொடுத்திருந்த பதிப்பே காணாமல் போய்விட்டது. மீட்க முடியுமா? முடியாவிட்டால் அதே எண்ணில் மறுபடி வெளியிடலாமா?
– குழுத் தலைவர், தஞ்சாவூர்

பதில்: 30 நாள் ஆகவில்லை என்றால் மீட்கலாம். நீக்கப்பட்டவை அத்தனை நாள் அந்த ஃபீடின் (அஸூரில் களஞ்சியத்துக்கு வழங்கும் பெயர்) மறுசுழற்சித் தொட்டியில் இருக்கும். ஃபீடின் உரிமையாளர் அதிகாரம் உள்ளவர் அங்கிருந்து திருப்பி எடுக்கலாம். இந்தப் பத்தியைப் படித்து முடிக்கும் முன் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அதே எண்ணில் மறுபடி வெளியிட முடியாது. அழித்தபின்னும் அந்த எண் பயன்பட்டதாகவே கருதப்படும். இதை ஒரு தொல்லை என்று நினைக்க வேண்டாம். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏடிடி 43 என்று ஒரு நெல் ரகத்துக்குப் பெயரிட்ட பிறகு அந்த எண்ணை வேறு ரகத்துக்குத் தருவதில்லை, சி.ஆர். 1009 ரகத்தில் நீரில் மூழ்கினாலும் தாங்கும் தன்மையைச் சேர்த்தபோதுகூட, பழைய பெயரிலேயே புதியதை விற்காமல் "சி.ஆர். 1009 சப் 1" என்று பிரித்தே சொல்கிறார்கள். ஒரே எண்ணில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் புழங்கினால், யாரிடம் எது இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. தொட்டியிலும் கிடைக்காவிட்டால் அடுத்த எண்ணில் வெளியிட்டு, வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதிவிடுங்கள்.

இது ஏன் நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணிக்கை வரம்பு, வாடிக்கையாளருக்குப் போன பதிப்பையும் நேற்று மாலை யாரோ நிரலின் ஒரு கிளையில் (தனியாகப் பிரித்து எழுதும் நகலில்) சோதனைக்காகப் பில்டு செய்ததையும் ஒரே தட்டில் வைத்து எண்ணுகிறது. அமைதியான மாதத்தில் 10 பதிப்புகள் என்பது மூன்று மாதச் சரித்திரம். வேலை மும்முரமான வாரத்தில் அது இரண்டே நாள். அஸூரில் இதற்கு வழி உண்டு. ஃபீடுக்குள் லோக்கல், ப்ரீரிலீஸ், ரிலீஸ் என்று மூன்று பார்வைகள் இயல்பாகவே இருக்கின்றன. ப்ரீரிலீஸ் அல்லது ரிலீஸ் பார்வைக்கு உயர்த்தப்பட்ட பதிப்பைத் தக்கவைப்பு விதி தொடாது. வெளியிடும் பைப்லைனின் (தானாக ஓடும் படிவரிசை) கடைசிப் படியாக இந்த உயர்த்தலைச் சேர்த்துவிடுங்கள். மனிதர் ஒருவர் நினைவு வைத்துச் செய்ய வேண்டிய படியாக அதை விட்டுவைக்கக் கூடாது. சமீபத்தில் இறக்கப்பட்டவற்றை இத்தனை நாளுக்கு நீக்காதே என்று இன்னொரு அமைப்பும் அங்கேயே இருக்கிறது. அதையும் 30 நாளுக்குக் குறையாமல் வையுங்கள்.

கேள்வி: மாணவர்களின் புராஜெக்ட்டுகள் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற தானியங்கிச் சேவை வழியாகப் பில்டு ஆகின்றன. பருவத் தேர்வு முடிந்து மதிப்பிடப் போனபோது பில்டு கோப்புகள் இல்லை. யாரும் அழிக்கவில்லை என்கிறார்கள்.
– கல்லூரி விரிவுரையாளர், நாகப்பட்டினம்

பதில்: மாணவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் கோப்புகளுக்கு இயல்பான ஆயுள் 90 நாள். எவரும் பார்க்கக்கூடிய பொது நிரல் களஞ்சியத்தில் அதற்கு மேல் நீட்ட முடியாது. தனியார் களஞ்சியத்தில் 400 நாள் வரை நீட்டலாம், ஆனால் மாற்றம் அதற்குப் பின் உருவாகும் கோப்புகளுக்கு மட்டுமே செல்லும். மதிப்பீட்டுக்குரியதை ரிலீஸ் பக்கத்தில் இணைக்கச் சொல்லுங்கள். அதற்கு இந்தக் காலக்கெடு இல்லை.

கேள்வி: அமேசானின் ஈசிஆர் களஞ்சியத்தில் "கடைசி 20 இமேஜ்களை மட்டும் வை" என்று விதி எழுதியிருந்தேன். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. போன வாரம் இரவு இரண்டு மணிக்குப் புதிய நோடு (சேவைகள் ஓடும் கணினி) ஒன்று எழும்பியபோது ஒரு சேவை மட்டும் வரவில்லை. இமேஜ் இல்லை என்று, சேவைகளை நோடுகளில் இயக்கி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் சொல்கிறது. அதே சேவை மற்ற நோடுகளில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இது எப்படி?
– டெவ்ஆப்ஸ் பொறியாளர், மயிலாடுதுறை

பதில்: உங்கள் இமேஜ் அன்று இரவு அழியவில்லை. வாரக் கணக்கில் முன்பே அழிந்திருக்கிறது. பழைய நோடுகள் அதை எப்போதோ இறக்கித் தம்மிடம் ஒரு பிரதி வைத்திருந்ததால் சேவை ஓடிக்கொண்டே இருந்தது. புதிய நோடு களஞ்சியத்திடம் கேட்டபோதுதான் இல்லை என்று தெரியவந்தது. அடிக்கடி மாறும் சேவைக்கு 20 என்பது குறைவு. ஆண்டுக்கு இருமுறை மாறும் சேவைக்கோ அது பத்து ஆண்டு. எல்லாச் சேவைகளின் இமேஜ்களையும் ஒரே களஞ்சியத்தில் வெவ்வேறு டேக்குகளாகப் போட்டிருந்தீர்கள் என்றால், வேகமாக மாறும் சேவை மெதுவாக மாறும் சேவையின் இமேஜ்களை வரிசையிலிருந்து தள்ளிவிட்டிருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

முதலில் மீட்சி. உயிரோடிருக்கும் பழைய நோடு ஒன்றை அணைக்காமல் வைத்து, அதிலிருந்து இமேஜை ஏற்றுமதி செய்து, களஞ்சியத்தில் மறுபடி சேர்த்துவிடுங்கள். காலாவதி ஆன இமேஜை ஈசிஆர் திருப்பித் தராது.

அடுத்து விதிகளைப் பிரித்து எழுதுங்கள். ஈசிஆரில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. எண் சிறியது முதலில் பார்க்கப்படும். ஓர் இமேஜின் டேக் ஒரு விதிக்குப் பொருந்திவிட்டால், அதற்குக் கீழே உள்ள விதி அந்த இமேஜை நீக்க முடியாது. எனவே வெளியீட்டு இமேஜ்களுக்குத் தனி முன்னொட்டுக் கொடுத்து, அவற்றுக்கு ஒரு தாராளமான எண்ணிக்கையை முதல் விதியாக வையுங்கள். கிளைகளின் சோதனை இமேஜ்களுக்கு 14 நாள் என்று அடுத்த விதி. டேக் இல்லாதவற்றுக்குக் கடைசி விதி. அமலாக்குவதற்கு முன் முன்னோட்டம் பார்க்கும் வசதி இருக்கிறது; எது போகும் என்ற பட்டியலை அது காட்டும். அமலாக்கிய பிறகு 24 மணி நேரத்துக்குள் நீக்கம் நடந்துவிடும் என்பதால், முன்னோட்டம் பார்க்காமல் வெள்ளிக்கிழமை மாலை விதியை மாற்றிவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறாதீர்கள்.

வெளியீட்டு இமேஜ்களில் எத்தனையை வைப்பது என்பதற்கு ஓர் அடிப்படையும் வேண்டும். குபர்னெட்டிஸ் டிப்ளாய்மென்ட் (ஒரு சேவையை இயக்கும் அமைப்பு) ஒன்று இயல்பாக 10 பழைய நிலைகளை நினைவில் வைத்திருக்கிறது; அந்தப் பத்தில் எதற்கு வேண்டுமானாலும் பின்வாங்கலாம் என்பது அதன் வாக்குறுதி. களஞ்சியத்தில் ஐந்தே இமேஜ்கள் இருந்தால் அந்த வாக்குறுதியில் பாதி பொய். தினசரி ஓடும் 'பாடு'களை (குபர்னெட்டிஸில் இமேஜ் ஓடும் அலகுகள்) மட்டும் எண்ணிப் பட்டியல் தயாரிப்பதும் போதாது. மாதக் கடைசியில் ஒருமுறை ஓடும் கணக்கு முடிப்பு வேலை, மார்ச் 31 அன்று மட்டும் ஓடும் ஆண்டறிக்கை வேலை ஆகியவை நீங்கள் பட்டியல் எடுக்கும் நாளில் எங்கும் ஓடிக்கொண்டிருக்காது. கிரான்ஜாப்களின் (குறித்த நேரத்தில் மட்டும் ஓடும் வேலைகள்) வரையறைகளையும் சேர்த்துப் படித்தால்தான் பட்டியல் முழுமையாகும்.

டேக் இல்லாத இமேஜ் எல்லாம் குப்பை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது; அது பாதிதான் உண்மை. 'லேட்டஸ்ட்' என்ற ஒரே டேக்கில் திரும்பத் திரும்பச் சேர்த்தால், முந்தைய இமேஜ் டேக்கை இழந்து அநாதையாகிறது, அது குப்பைதான். ஆனால் இன்டெல், ஆர்ம் என்று இரு வகைச் செயலிகளுக்கும் சேர்த்துக் கட்டப்பட்ட இமேஜில், டேக் வெளியே உள்ள பட்டியலுக்கு மட்டும் ஒட்டப்படுகிறது. உள்ளே இருக்கும் இரண்டு உண்மையான இமேஜ்களுக்கு டேக் இருக்காது. ஈசிஆர் இந்த உறவை அறிந்து, பட்டியல் இருக்கும்வரை உள்ளிருப்பதை நீக்காது. ஆனால் கிட்ஹப் பேக்கேஜஸ் களஞ்சியத்தில் டேக் இல்லாதவற்றை நீக்கும் நிரல் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால், டேக் நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. டேக்குக்குப் பதில் டைஜெஸ்ட் என்ற கைரேகை எண்ணைக் கொண்டு இமேஜைச் சுட்டும் குழுக்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கூகுளின் ஆர்ட்டிஃபேக்ட் ரெஜிஸ்ட்ரியில் எனக்குப் பிடித்த ஓர் அமைப்பு இருக்கிறது. அங்கே நீக்கும் விதி, வைத்துக்கொள்ளும் விதி என இரண்டையும் தனித்தனியே எழுதலாம்; இரண்டும் ஒரே இமேஜுக்குப் பொருந்தினால் வைத்துக்கொள்ளும் விதியே வெல்லும். எதையும் அழிக்காமல் உலர் ஓட்டமாக ஓட்டிப் பார்க்கவும் முடியும். நீங்கள் எந்தக் களஞ்சியத்தைப் பயன்படுத்தினாலும் விதிகளை இந்த மனப்போக்கில் எழுதுவதே சரி என்பது என் கருத்து: எதை வைக்க வேண்டும் என்ற பட்டியல் முதலில், அழிப்பது எஞ்சியதில்.

கேள்வி: மூல நிரல் 'கிட்' என்ற பதிப்புக் காப்புக் கருவியில் பத்திரமாக இருக்கிறது. எந்தப் பழைய பதிப்பையும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி பில்டு செய்துகொள்ளலாமே? எதற்குக் கோப்புகளைச் சுமக்க வேண்டும்? சட்டம் ஏதாவது கட்டாயப்படுத்துகிறதா?
– தனித் தொழில் செய்யும் நிரலாளர், பட்டுக்கோட்டை

பதில்: ஒரு சோதனை செய்யுங்கள். கிட்டில் மூன்று ஆண்டுக்கு முந்தைய பதிப்பின் டேக் ஒன்றை எடுத்து, புதிய கணினியில் பில்டு செய்து, அன்று கொடுத்த கோப்பின் செக்சம்முடன் (உள்ளடக்கத்தின் கைரேகை எண்) ஒப்பிடுங்கள். ஒத்துவந்தால் நீங்கள் அபூர்வமான ஒழுங்குடையவர், கோப்புகளை அழிக்கலாம். பெரும்பாலோருக்குப் பில்டே முடியாது. அன்றிருந்த கம்பைலர் இன்று இல்லை. அடித்தள இமேஜ் அதே பெயரில் வேறு உள்ளடக்கத்தோடு இருக்கிறது. பதிப்பு எண்ணை இறுக்கிக் கட்டாத நூலகம் ஒன்று புதியதாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பில்டு நேரமே கோப்புக்குள் எழுதப்படுகிறது. கையொப்பச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கிறது. சமைத்த குழம்பும் சமையல் குறிப்பும் ஒன்றல்ல. டெபியன் என்ற இயங்குதளத் திட்டம் தன் பேக்கேஜ்களின் பழைய நிலைகளை 2005 முதல் நாள்வாரியாகச் சேர்த்துவைத்துப் பொதுவில் தருகிறது என்பதே, மூல நிரல் கையில் இருந்தும் பில்டு செய்த பைனரிகளுக்கு ஒரு தேவை இருப்பதைக் காட்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் லாக்குகளை (நிகழ்வுப் பதிவுகள்) 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அது லாக்குகளைப் பற்றியது. பேக்கேஜ்களைப் பற்றியது அன்று. களஞ்சியத்தில் யார் எதை எப்போது அழித்தார் என்ற லாக் அதில் அடங்கும் என்று கொள்வதே விவேகம். பேக்கேஜ்களுக்கு உங்கள் வாடிக்கையாளருடன் செய்துகொண்ட ஒப்பந்தம்தான் முதல் சட்டம். பராமரிப்பு ஐந்து ஆண்டு என்று கையெழுத்திட்டிருந்தால் தக்கவைப்பும் ஐந்து ஆண்டுக்குக் குறையக் கூடாது.

ஐரோப்பாவுக்கு மென்பொருள் அனுப்புபவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் பின்னடைவுத் தாங்குதிறன் சட்டம், அதாவது 2024/2847 எண் ஒழுங்குமுறை, 2027 டிசம்பர் 11 முதல் முழுமையாக அமலுக்கு வருகிறது. ஆதரவுக் காலத்தில் வெளியிட்ட ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தமும், வெளியான நாளிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகளோ, எஞ்சிய ஆதரவுக் காலமோ, இரண்டில் எது நீளமோ அதுவரை பயனர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது அது. ஐரோப்பிய வாடிக்கையாளருக்குப் போன பதிப்புகள் இருக்கும் களஞ்சியத்தின் பக்கம் 90 நாள் விதியைக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: விதிகளை எத்தனை நாளுக்கு ஒருமுறை திருத்துவது?
– வாசகர், பாபநாசம்

பதில்: துப்புரவு தினமும் தானாக ஓடட்டும். விதிகளை ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். ஜூன் 12 மேட்டூர்த் திறப்புக்கு முன் வாய்க்கால் தூர் வாருவதுபோல், உங்கள் தொழிலின் நெருக்கடிக் காலத்துக்கு முன்னதாக ஒரு நாளைக் குறித்துக்கொள்வது நல்லது. புதிய பேக்கேஜ் வகை ஒன்று களஞ்சியத்துக்கு வந்தால் மட்டும் ஆண்டு முடியக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் இருந்ததுபோன்ற பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய பதிப்புகளைக் களஞ்சியத்திலிருந்து உடனே அழிக்க வேண்டும் என்கிறது எங்கள் பாதுகாப்புக் குழு. நீங்கள் வைத்திருக்கச் சொல்கிறீர்கள். யார் சொல்வதைக் கேட்பது?
– பொறியாளர், திருவையாறு

பதில்: புதிதாக யாரும் எடுக்கக் கூடாது என்ற அளவில் பாதுகாப்புக் குழு சொல்வதே சரி. அழிப்பதுதான் அதற்கு வழி என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சிவிஇ-2021-44228 என்ற எண்ணோடு 2021 டிசம்பரில் அந்த ஓட்டை வெளிவந்தபோது, நிறுவனங்கள் திணறியது திருத்தத்தைத் தேடி அல்ல. திருத்தப்பட்ட பதிப்பு விரைவிலேயே வந்துவிட்டது. எங்கெங்கே, எந்தெந்த மென்பொருளின் வயிற்றுக்குள் பழைய பதிப்பு இருக்கிறது என்று தேடித்தான் திணறினார்கள். பழைய ரிலீஸை அழித்தவர், வாடிக்கையாளரிடம் போனதற்குள் என்ன இருந்தது என்று திறந்து பார்க்கும் வாய்ப்பையும் சேர்த்து அழித்துவிட்டார். ஓட்டையுள்ள லாக்4ஜே 2.14.1 பதிப்பு இன்றும் மேவன் சென்ட்ரலில் இருக்கிறது என்பதையும் உங்கள் குழுவுக்குச் சொல்லுங்கள்.

பொதுக் களஞ்சியங்கள் இதற்கு ஒரு நடுவழி கண்டிருக்கின்றன. பைத்தான் மொழியின் பொதுக் களஞ்சியமான பைப்பிஐ தளத்தில் 2019ஆம் ஆண்டின் பெப் 592 முன்மொழிவின்படி ஒரு பதிப்பை "பின்னிழுக்கலாம்": அதன் எண்ணைத் துல்லியமாகக் குறிப்பிட்டுக் கேட்பவருக்கு மட்டும் அது கிடைக்கும், பொதுவாகக் கேட்பவருக்கு வேறு பதிப்பு போகும். ரஸ்ட் மொழியின் கிரேட்ஸ் களஞ்சியத்திலும் இதை ஒத்த ஓர் ஏற்பாடு உண்டு. உங்கள் நிறுவனத்துக்குள், அத்தகைய பதிப்புகளைப் பில்டு சர்வர்கள் எட்ட முடியாத தனிக் களஞ்சியம் ஒன்றுக்கு மாற்றி, இரண்டு மூன்று பேருக்கு மட்டும் படிக்கும் அனுமதி கொடுங்கள். ஒரு ரிலீஸை உண்மையிலேயே அழிக்க நேரும்போதும், அதன் செக்சம்மையும், உள்ளே என்னென்ன நூலகங்கள் இருந்தன என்ற எஸ்பிஓஎம் பட்டியலையும் வைத்துக்கொள்ளுங்கள். ஜிபி கணக்கில் இடம் பிடித்ததற்கு மாற்றாக இவை சில கேபியிலோ எம்பியிலோ அடங்கிவிடும். நாளைக்கு வேறோர் ஓட்டை வெளிவரும் அன்று தேட வேண்டியது இந்தப் பட்டியலில்தான்.

இரண்டு விலக்குகள் உண்டு. பேக்கேஜே தீங்கு செய்வதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்தால், அதன் செக்சம்மைக் குறித்துக்கொண்டு உடனே நீக்கிவிடுங்கள். அதில் வாதத்துக்கு இடமில்லை. இமேஜுக்குள் தவறுதலாகக் கடவுச்சொல்லோ சாவியோ போய்விட்டால், இமேஜை அழிப்பது இரண்டாவது வேலை. ஏற்கெனவே இறக்கியவர்களிடம் அது இருக்கும் என்பதால், கடவுச்சொல்லை மாற்றுவதுதான் முதல் வேலை.